முள்ளைப் பார்க்கக் கட்டணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஃபீனிக்ஸ் நகரின் பாலைவனத் தாவரவியல் தோட்டத்தை உங்கள் கட்டுரையாளர் இரண்டே கேள்வியில் முடித்துவிட்டார்: “முள்ளைப் பார்க்கக் கட்டணமா? நம் ஊட்டிப் புல்தரை போதாதா?” புல்தரையைப் புகழ்ந்ததற்கு நன்றி. நாற்பது வருஷமாகக் கோத்தகிரியில் இருப்பவள், எல்லார் சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன்.

போன மார்ச்சில் நானும் அங்கே போனேன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மாப்பிள்ளை கார் ஓட்ட, கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். முட்டிவலிக்காரியை இதற்கா இழுத்து வந்தாய் என்று மகளிடம் முனகியது உண்மைதான். உள்ளே போனபின் முனகவில்லை. சவாரோ என்ற அந்தக் கள்ளி முதல் எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தால் அதிகம். பக்கக் கை முளைக்க ஐம்பது, எழுபது வருஷம்கூட ஆகும். உடம்பெல்லாம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு. மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்ணீரைப் பிடித்து வைக்கும். மரங்கொத்தி பொந்து போட்டால் காயத்தைச் சுற்றிக் கெட்டியாக ஓடு கட்டிக்கொள்ளும். செடி செத்து மக்கினாலும் ஓடு மிஞ்சும். அங்கே தொண்டு செய்யும் என் வயதுப் பெண்மணி ஒருவர் அதைக் கையில் கொடுத்தார். காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி, தட்டினால் டொக்கென்றது. சொந்த மண்ணின் முள்செடியைக் காப்பாற்ற வேண்டுமென்று சிலர் கூடி ஆரம்பித்து, 1939-ல் திறந்த தோட்டம் அது. அனுமதியில்லாமல் ஒரு சவாரோவை வெட்டினால் அந்த மாநிலத்தில் வழக்குப் பாயும்.

இங்கே? மலையில் ஒரு பூங்காவின் கண்ணாடி வீட்டில், கற்றாழை மடல் ஒவ்வொன்றிலும் காதலர் பெயர்கள். ஊசியால் கீறிய இடம் பழுப்பேறித் தழும்பாகி நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வரி வந்ததுண்டா? மூன்று வருஷத்துக்கு முன், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தோப்பை ‘நீலகிரியின் ஆதிக் காடு’ என்று அட்டையில் போட்டீர்கள். இந்த மலையின் சொந்தக் காடான சோலைக்காடு எது, நட்டு வளர்த்த தோப்பு எது என்று நான்கு பக்கம் எழுதினேன். மூன்று வரி போட்டீர்கள், அதிலும் ‘அட்டைப்படம் அருமை’ என்ற வரியை முதலில். மே மாதம் வந்தால் ‘மலைகளின் அரசி அழைக்கிறாள்’ என்று சிறப்பிதழ் வேறு. அரசி அழைப்பாள், முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊட்டிக்கு, பல்வலியோடு மூன்று மணி நேரம் காரில் கிடந்தவள் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சவாரோ படத்தின் கீழே ‘கற்றாழை மரம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது கற்றாழை அல்ல. கிள்ளினால் பால் வடியும் நம்மூர்த் திருகுகள்ளிக்கும் அதற்கும் உறவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து நம் வேலியோரம் குடியேறிய சப்பாத்திக்கள்ளிதான் அதன் பங்காளி. உங்களுக்குத் தெரியாததா? அச்சுக்குப் போகிற அவசரமாக இருந்திருக்கும். அடுத்த இதழில் மூலையில் எங்காவது ஒரு திருத்தம் போட்டால் போதும்.

இந்தக் கடிதத்தையும் நறுக்குவதென்றால் என் பல்வலியை நறுக்குங்கள். கள்ளியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
கோத்தகிரி.