ஜன்னல் பிளைண்ட்ஸ்: கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுமினியத் தகடுகளாலான ஜன்னல் பிளைண்ட்ஸில் (மடக்குத் திரையில்) இழுகயிறு ஒன்று அறுந்தாலே, முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டச் சொல்லும் வழக்கம் கடைகளில் பெருகிவருவது வருத்தத்துக்குரியது. தகடுகள் எளிதில் கெடுவதில்லை; மேல்பெட்டிக்குள் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டில் உராய்ந்து கயிறுதான் நைந்துபோகிறது.

முற்றிலும் அறுவதற்கு முன்பே கவனித்துவிட்டால், அடிப்பட்டையின் மூடியைக் கழற்றி, முடிச்சை வெட்டி, அந்த நுனியோடு அதே பருமனுள்ள புதிய நைலான் கயிற்றின் நுனியைத் தீயில் லேசாக உருக்கி ஒட்டிவிட்டு, பழைய கயிற்றின் மறுமுனையை மெல்ல இழுத்தால், பழைய கயிறு போன வழியிலேயே புதியதும் எல்லாத் துளைகளையும் கடந்து வந்துவிடும். ஒட்டிய இடம் தடித்திருந்தால் துளையில் சிக்கும் என்பதால், சூடு ஆறுவதற்குள் அதை உருட்டி மெலிதாக்குவது அவசியம். கண்ணில் படும் உயரத்தில் தகடு வளைந்திருந்தால், புதிய கயிற்றை ஒட்டுவதற்கு முன்பே பழையதை அந்தத் தகட்டுக்கு மேல்வரை உருவி, தகட்டைப் பக்கவாட்டில் எடுத்து, அடியில் உபரியாகக் கிடக்கும் தகட்டோடு இடம் மாற்றி, கயிற்றை மீண்டும் கோத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை பிளைண்ட்ஸில் செங்குத்தாகத் தொங்கும் துணிப்பட்டையின் மேல்துளை கிழிந்தால், இருபுறமும் செல்லோடேப் ஒட்டித் துளையிட்டால் போதும்.

குழந்தைகள் உள்ள வீடுகளில், கயிற்றைத் தொங்கவிடாமல், தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றிவைக்க வேண்டும். தொங்கும் கயிற்றில் கழுத்து சிக்கிப் பிள்ளைகள் இறந்த துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன.

கயிறு, பூட்டு, மூடி ஆகிய உதிரிபாகங்களை விற்பனையாளர்கள் தனித்தனியாக விற்க முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மடிப்பாக்கம், சென்னை