ஆயாவுக்கும் ஒரு நாற்காலி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ மண்டபம் ஒன்றியத்தில் அங்கன்வாடி மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற செய்தி கேட்டு அன்றே போனில் வாழ்த்துச் சொன்னேன். போனில் சொல்ல வராத ஒன்று மீதம் இருக்கிறது. உன் நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்பதற்காக அதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

என் மையத்தில் 11 ஆண்டுகள் ஒரே ஆயாம்மா என்னுடன் வேலை பார்த்தார். பதிவேட்டில் அவருக்கு அங்கன்வாடி உதவியாளர் என்று பெயர். சமைப்பதும் பெருக்குவதும் அவர் வேலை என்று எழுதியிருக்கும். ஆனால் கடலோர ஊரில் அந்த வேலை அடுப்படியில் தொடங்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். தாய்மார் விடியும் முன்பே பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போய்விடும் நாட்களில், அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் முகம் கழுவி, கைப்பிடித்து அழைத்து வருவார். எந்தப் பிள்ளையின் அப்பா கடலில் இருக்கிறார், எந்த வீட்டில் நேற்றிரவு உலை வைக்கவில்லை, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகில் யாருடைய அப்பா இருந்தார் என்பதையெல்லாம் வாசலிலேயே என் காதில் மெதுவாகச் சொல்லிவிடுவார். அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அன்று யாரை மடியில் வைத்துக்கொள்வது, யாரிடம் பாட்டுப் பாடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். முன்பருவக் கல்வி என்று நாம் பயிற்சியில் படித்ததில் பாதியை நான் அந்த வாசலில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், முட்டைக் கணக்கில் மூன்று குறைந்ததைக் கண்டு, தாய்மார் ஐந்தாறு பேர் வாசலில் நிற்கும்போதே ஆயாம்மாவைத் திருடியை விசாரிப்பதுபோல விசாரித்தார். அந்த முட்டைகள் வந்து இறங்கும்போதே உடைந்திருந்தன. பதிவேட்டில் எழுதத் தவறியது நான். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். எனக்கு வாய் வரவில்லை. ஆயாம்மா ஒன்றும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிக்குப் போகத் தொடங்கினார். கூடுதல் கூலிக்காகப் போய்விட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கம்பெனி பல ஆண்டுகளாக அதே ஊரில்தான் இருந்தது. அதுவரை அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு அந்த இடம் காலியாகவே கிடந்தது. நானே சமைத்து, எடை பார்த்து, போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்ற சிக்னல் தேடி மாடிப்படியில் நின்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. அவர் ஊட்டினால் மட்டுமே சாப்பிடும் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, பல நாட்கள் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் குழந்தைக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

அதற்காக, ஊதியம் பெரிதல்ல என்று சொல்ல வரவில்லை. மத்திய அரசு 2018 அக்டோபரில் உயர்த்திய மதிப்பூதியமே பணியாளருக்கு, அதாவது டீச்சருக்கு, 4,500 ரூபாய், உதவியாளருக்கு அதில் சரிபாதியாக 2,250 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் காலமுறை ஊதியம் தருவதால் நம் நிலை சற்று மேல் என்றாலும், 2025இல் 7,783 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, உதவியாளராகச் சேருபவருக்கு முதல் 12 மாதங்களுக்குத் தொகுப்பூதியம் 4,100 ரூபாய்தான். இதை மாற்றும் அதிகாரம் உனக்கு இல்லை. அதற்குச் சங்கம் போராடட்டும், நானும் வந்து நிற்பேன். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது பணியாளரையும் உதவியாளரையும் சேர்த்தே சொன்னது. நம் மையங்களில்தான் இருவரையும் நாம் இன்னும் பிரித்து வைத்திருக்கிறோம்.

உன் கையில் இருப்பது வேறு. நீ ஒரு மையத்துக்குள் நுழையும்போது முதலில் யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறாய் என்பதைப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறை கண்டால் டீச்சரை ஆயாவின் முன்னாலும், ஆயாவைத் தாய்மாரின் முன்னாலும் கேட்காதே. பிள்ளைகள் போன பிறகு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள். ஆயாவைத் தன் வீட்டு வேலைக்கு அனுப்பும் டீச்சர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டாம். அங்கே நீ கண்டிப்பாகவே இரு. மாதக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் நேரத்தை ஏதாவது ஒரு மாதமாவது ஆயாக்களுக்குக் கொடு. அன்று அவர்களைச் சுவரோரம் நிற்க வைக்காமல் நாற்காலி போட்டு உட்கார வை. இருவரும் ஒத்துப்போகும் மையத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்து, காலியாக இருக்கும் வேறு மையத்துக்குக் கூடுதல் பொறுப்பு என்று அனுப்பும் நிலை வந்தால், குறைந்தது யாரை அனுப்புவது, எத்தனை நாளுக்கு என்று அவர்களிடமே முதலில் கேள். மேலிடத்து உத்தரவு உன்னை நெருக்கும் என்பது எனக்குத் தெரியும். நீயும் டீச்சராக இருந்தவள். இரண்டு மையங்களின் சாவியை ஒரே முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடியவள்.

ஆயாம்மா இப்போது நண்டுக் கம்பெனிக்கும் போவதில்லை. கை விரல்கள் மரத்துப்போய்விட்டன. தங்கச்சிமடத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரனை அங்குள்ள மையத்தில் விட, காலையில் அவர்தான் வருகிறார். அந்த மையம் இனி உன் பார்வையில் வருகிறது. போகும்போது அவரிடம் பேசு. அந்த மூன்று முட்டைகள் வரும்போதே உடைந்திருந்தன என்பதை டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல். கையெழுத்திட்ட அந்தத் தாளை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா