டேடோனா வெற்றி லாட்டரிப் பரிசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, அவற்றுள் புகழ்பெற்ற டேடோனா 500 பந்தயத்தில் புதுமுகங்கள் வெல்வதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. 2011இல் டிரெவர் பெய்ன் வென்றதற்கும் அதே முத்திரைதான். அந்தப் பந்தயத்தை முழுதாகப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

பெய்னுக்கு இருபது வயது நிறைந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கோப்பைத் தொடரில் அது அவருக்கு இரண்டாவது பந்தயம் என்பதெல்லாம் கட்டுரையில் இருக்கிறது. அந்த ஆண்டு கார்கள் ஓடிய விதம்தான் இல்லை. புதிதாகத் தார் போட்ட தளத்தில் தனியாக ஓடிய கார் பின்தங்கிவிடும். ஒரு காரின் பின் பம்பரை இன்னொன்று முட்டித் தள்ள, ஜோடியாக ஓடினால்தான் வேகம். தள்ளுபவருக்கு எதிரே இருக்கும் காரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காமல் எஞ்சின் கொதிக்கும். அதனால் ஓட்டத்திலேயே இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில். விபத்து போன்றவற்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி அன்று 16 முறை வந்தது என்றால் வியப்பில்லை.

இப்படி ஓட, அனுபவசாலிகள் புதுப் பையனை நம்ப வேண்டும். முந்தைய தகுதிப் பந்தயத்தில் அவருடன் ஜோடி சேர்ந்தவர் நான்கு முறை சாம்பியனான ஜெஃப் கார்டன். அவர் யாரையும் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்பவர் அல்ல!

அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இறுதிக் கட்ட மறுதொடக்கத்தில் முன்னால் நின்ற டேவிட் ரேகன், தொடக்கக் கோட்டைக் கடக்கும் முன்பே தடம் மாறியதால் தண்டனைக்கான கருப்புக் கொடி காட்டப்பட்டு, முதலிடம் பெய்ன் மடியில் விழுந்தது. ஆனால் ரேகன் ஏன் அவசரப்பட்டார்? பெய்ன் தன்னைப் பின்னாலிருந்து தள்ளட்டும் என்று அவருக்கு முன்னால் வரத்தான். அதன்பின் கார்ல் எட்வர்ட்ஸ் துரத்தி வந்தும் கடைசிவரை இடம் கொடுக்காதது யார் செய்த அதிர்ஷ்டம்? கடைசி நேர மஞ்சள் கொடிகளால் 200 சுற்றுப் பந்தயம் 208 வரை நீண்டது.

வென்ற வுட் பிரதர்ஸ் அணியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வர்ஜீனியாவின் ஸ்டூவர்ட் என்ற சிற்றூரில் பிறந்த குடும்ப அணி; 2001க்குப் பிறகு வெற்றியே காணாதது; எல்லாப் பந்தயங்களிலும் கலந்துகொள்ளக் கூடப் பணமில்லாத நிலையில் இருந்தது. இதை விட்டுவிட்டுப் பரிசுத் தொகைக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள்.

பெய்ன் பிறகு கோப்பைத் தொடரில் வெல்லவில்லை என்பது உண்மை. அதைக் காட்டி அன்றைய ஓட்டத்தை மட்டம் தட்டுவது முறையல்ல. 2022இல் ஆஸ்டின் சிண்ட்ரிக்கும் தன் முதல் முழுப் பருவத்தின் தொடக்கப் பந்தயத்திலேயே இதே டேடோனாவில் பப்பா வாலஸை 0.036 வினாடியில் முந்தினார். கட்டுரையாளர் அவரையும் லாட்டரிக் கணக்கில்தான் சேர்ப்பாரா?

ஒரு திருத்தமும் தேவை. அந்த வெற்றியால் பெய்ன் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றதாக எழுதியிருப்பது தவறு. அந்த ஆண்டு அவர் கோப்பைத் தொடரில் அல்லாமல், அதற்கு அடுத்த இரண்டாம் நிலைத் தொடரில் புள்ளி பெறப் பதிந்திருந்ததால், டேடோனா வெற்றிக்காக ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.