மீன்தொட்டிக்கு ஒரு பாசித் திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டி பராமரிப்பு பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை, "வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்" என்பது. நல்ல யோசனைதான். ஆனால் எதைக் குறைக்க மாற்றுகிறோமோ அந்த நைட்ரேட் (கழிவிலிருந்து சேரும் நைட்ரஜன் உப்பு) புதிதாக ஊற்றும் தண்ணீரிலேயே இருந்தால் என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. செப்டிக் டேங்குகள் நெருக்கமாக இருக்கும் நகர்ப்புறங்களிலும், யூரியா போடும் வயல்களை ஒட்டிய ஊர்களிலும் போர் தண்ணீரில் நைட்ரேட் ஏறிக் கிடப்பது தெரிந்த விஷயம். குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் வரம்பே லிட்டருக்கு 45 மில்லிகிராம். தொட்டியில் 100, போர் தண்ணீரில் 40 என்று வைத்துக்கொள்வோம். பாதித் தண்ணீரை மாற்றினால் 70 ஆகும். இன்னொரு பாதி மாற்றினால் 55. எத்தனை குடம் ஊற்றினாலும் 40-க்குக் கீழே வராது.

தொட்டியில் நைட்ரேட் எங்கிருந்து சேர்கிறது என்று பார்த்தால், நாம் போடும் தீனியிலிருந்துதான். 40 சதவீதம் புரதம் உள்ள தீனியில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 64 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 280 மில்லிகிராம். மீன் உடம்பில் சேருவதைக் கழித்துவிட்டாலும், 100 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு கிராம் தீனி போட்டால் நாளுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் ஏறும். மாதத்துக்கு 60. ஸ்பான்ஞ் ஃபில்டர் இதைத் தடுக்காது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குவதோடு அதன் வேலை முடிகிறது. அம்மோனியா அளவுக்கு நைட்ரேட் உடனே கொல்வதில்லை. அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் தீனி எடுப்பது குறைகிறது, குஞ்சுகள் வளர்வதில்லை, நோய் எளிதில் தொற்றுகிறது. குஞ்சுத் தொட்டியில் 20, மற்றவற்றில் 40 என்ற அளவைத் தாண்டாமல் வைப்பது நல்லது.

கடைகளில் இதற்கென்று கரியும் ஜியோலைட் என்ற கனிமக் கல்லும் எடுத்துக் கொடுக்கிறார்கள். கரி நிறத்தையும் வாடையையும் எடுக்கும், நைட்ரேட்டை எடுக்காது. ஜியோலைட் பிடிப்பது அம்மோனியாவை. நைட்ரேட்டைப் பிடிக்கும் ரெசின் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் விலை அதிகம், அடிக்கடி உப்புநீரில் ஊறவைத்துப் புதுப்பிக்க வேண்டும். வீட்டிலேயே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் செய்யக்கூடியது பாசித் திரை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளப்பாறைகளை ஆராய்ந்த வால்டர் ஏடி வடிவமைத்து 1982-இல் காப்புரிமை பெற்ற முறை இது. தொட்டித் தண்ணீரை மோட்டாரால் ஏற்றி, தொட்டிக்கு வெளியே ஒரு திரையின் மேல் வழியவிட்டுத் தொட்டிக்கே திருப்பி, அந்தத் திரையில் விளக்கொளியில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, வாரந்தோறும் வழித்தெடுத்துவிடுவது. பாசி உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் அதோடு வெளியே போய்விடும். தண்ணீர் மாற்றுவதைப் போலவே, நைட்ரஜனைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போடும் வழி இது.

100 லிட்டர் தொட்டிக்குக் கணக்குச் சொல்கிறோம். திரை 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். கைவேலைப் பொருள் கடைகளில் பூ வேலைக்கு விற்கும், சதுரக் கண்கள் கொண்ட விறைப்பான பிளாஸ்டிக் கேன்வாஸ் இதற்குப் பொருத்தம். கொசுவலை மாதிரியான மெல்லிய வலை தண்ணீரில் மடங்கிவிடும். கேன்வாஸை அப்படியே போடக் கூடாது. வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பாசி ஒட்டாது, ஒட்டினாலும் தோல் உரிவதுபோல் மொத்தமாக உரிந்து விழும். ஆக்சா பிளேடை வைத்து இரண்டு பக்கமும் எல்லாத் திசையிலும் அழுத்திச் சுரண்டுங்கள். விரலால் தடவினால் மாட்டு நாக்கைப் போலச் சொரசொரக்க வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும். இந்த வேலையில் அவசரப்பட்டவர்களுக்குத்தான் திரை வெறுமையாகவே நிற்கிறது.

திரையைத் தாங்குவது முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பு. 20 செ.மீ. துண்டு வெட்டி, நீளவாக்கில் 15 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, 3 மி.மீ. டிரில் பிட்டால் துளைகளை ஒட்டி ஒட்டிப் போட்டு, பிளேடால் இணைத்து அரத்தால் ராவினால் 3 மி.மீ. அகலமுள்ள நேர்க் கீறல் கிடைக்கும். அதற்குள் திரையின் மேல் விளிம்பை அரை செ.மீ. நுழைத்து, பைப்பைச் சுற்றி மூன்று நைலான் டேக் போட்டு இறுக்குங்கள். ஒரு முனையில் எண்டு கேப். இதை ஒட்டாமல் விடுங்கள், பின்னால் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். மறுமுனையில் தண்ணீரைக் கூட்டிக் குறைக்க ஒரு பால் வால்வு (பந்து வால்வு) வைத்து மோட்டார் டியூபை இணையுங்கள்.

மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும்? திரையின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு 50 லிட்டர். 15 செ.மீ.க்கு 750. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது, அரை மீட்டர் ஏற்றினாலே அது கணிசமாகக் குறையும். ஆகவே 1,100 அல்லது 1,200 லிட்டர் என்று போட்ட, 18 வாட் மோட்டார் வாங்குங்கள். திரை முழுவதும் கண்ணாடித் தாள் போர்த்தியதுபோல் தண்ணீர் இடைவெளி இல்லாமல் வழிய வேண்டும். எங்காவது உலர்ந்த பட்டை தெரிந்தால் அந்த இடத்தில் பாசி செத்துவிடும்.

திரை தொங்குவதற்கு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். சமையலறையில் பருப்பு கொட்டிவைக்கும் உயரமான டப்பா போன்றது, 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம் இருந்தால் சரி. தொட்டியின் மேல் ஒரு பலகையில் வையுங்கள். பல்புகள் டப்பாவுக்கு வெளியே நிற்கும், அவற்றின் மேல் தண்ணீர் தெறிக்க வாய்ப்பு குறைவு. இரண்டு பக்கமும் தலா ஒரு 9 வாட் எல்இடி பல்பு, மஞ்சள் ஒளி தருவது, திரையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தூரத்தில். குளிர்ந்த வெள்ளை ஒளியிலும் வளரும், ஆனால் சிவப்புக் கூறு அதிகமுள்ள மஞ்சள் ஒளியில் நன்றாக வளரும். ஒரே பக்கம் விளக்கு போட்டால் திரையின் பயன் பாதிக்கு மேல் குறைந்துவிடும். இருளில் இருக்கும் பக்கத்தில் வேர் பிடிக்காமல் பாசி முன்பக்கத்தையும் சேர்த்து உரிந்துவிடுவதே காரணம்.

வடிகால்தான் இந்த அமைப்பில் மிக முக்கியமான பகுதி. டப்பாவின் அடியில் ஒரு இஞ்ச் டேங்க் நிப்பிள் (சுவரில் துளையிட்டுப் பொருத்தும் குழாய் இணைப்பு) ஒன்று. அதற்கு 4 செ.மீ. மேலே, பக்கச் சுவரில் அதே அளவில் இன்னொன்று. உரிந்த பாசி அடித்துளையை அடைத்தால் இரண்டாவது வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். இதோடு நிறுத்தாமல், மோட்டாரைத் தொட்டியின் அடியில் போடாமல் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே ஒட்டவையுங்கள். இரண்டு துளையும் அடைத்து டப்பா வழிந்தாலும், இரண்டரை அடித் தொட்டியில் 14 லிட்டர் போனதும் மோட்டார் காற்றை உறிஞ்சத் தொடங்கும். மோட்டார் எரிந்தாலும் எரியட்டும், மீன்கள் பிழைக்கும், கூடத்தில் வெள்ளம் நிற்காது. வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். அப்போதுதான் வயரில் வழியும் சொட்டு பிளக்கைத் தொடாமல் தரையில் விழும். வீட்டு மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் தண்ணீருக்கு மேல் எந்த விளக்கும் வைக்க வேண்டாம்.

விதைப்புக்குத் தொட்டிச் சுவரில் இருக்கும் பச்சைப் பாசியைச் சுரண்டித் திரையில் தேயுங்கள். குளத்துப் பாசி வேண்டாம், அதில் நத்தையும் ஹைட்ரா என்ற மிகச் சிறிய நீர்ப்பிராணியும் கூடவே வந்துவிடும். முதல் இரண்டு வாரம் விளக்கு 8 மணி நேரம் மட்டும், பிறகு படிப்படியாக 14 மணி. டைமர் வைத்துவிட்டால் நிம்மதி. மோட்டார் இரவு பகலாக ஓடட்டும். மோட்டாரும் விளக்குகளும் சேர்ந்து மாதம் 20 யூனிட் அளவில் இழுக்கும்.

முதல் வாரம் பழுப்பு நிறச் சளிபோல் ஒன்று படியும். பயப்பட வேண்டாம், வழித்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பச்சை இழைகள் வரும். வந்தபின் ஏழு நாளைக்கு ஒருமுறை திரையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் பழைய ஏடிஎம் கார்டால் வழியுங்கள். வெள்ளையாகத் தேய்த்துக் கழுவக் கூடாது, மெல்லிய பச்சைப் படலம் மிஞ்ச வேண்டும். பாசி செழிப்பாக இருக்கிறதே என்று மூன்று வாரம் விட்டுவைப்பவர்கள் உண்டு. தடித்த பாசியில் அடிப்படலத்துக்கு ஒளி போகாது. அது செத்து அழுகி, பிடித்த நைட்ரஜனைத் தண்ணீருக்கே திருப்பித் தரும், மேல்படலமும் பிடிப்பு விட்டு வடிகாலில் வந்து அடைக்கும். பைப்பின் கீறலில் பாசி ஏறி அடைப்பதும் அடிக்கடி நடக்கும். ஒளி அங்கே விழாமல் பைப்பின் இரு பக்கமும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

நிறத்தைப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம். கறுத்த, எண்ணெய்ப் பிசுக்குபோல் படிந்தால் சத்து மிகுதி, ஒளி போதவில்லை. விளக்கு நேரத்தைக் கூட்டி, நான்கு நாளைக்கு ஒருமுறை வழியுங்கள். மஞ்சளாக, ரப்பர்போல் இருந்தால் பெரும்பாலும் ஒளி மிகுதி. நேரத்தைக் குறையுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 100 லிட்டரில் 80-ஐ 20-க்கு இறக்க வேண்டுமானால் 6 கிராம் நைட்ரேட், அதாவது 1.35 கிராம் நைட்ரஜன் வெளியேற வேண்டும். காய்ந்த பாசியில் நைட்ரஜன் 4 சதவீதம் என்று கொண்டால் 34 கிராம் காய்ந்த பாசி, பிழிந்த ஈரப் பாசியாக 300 கிராமுக்கு மேல். இடையில் தினமும் தீனி வேறு விழுகிறது. ஆகவே ஒரே வாரத்தில் குறையவில்லை என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் பொறுங்கள், அதுவரை தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தாதீர்கள். பாசி வந்தபிறகும் மாதம் ஒருமுறை கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும், நைட்ரேட் தவிர வேறு உப்புகளும் சேருகின்றன. வழித்த பாசியைப் பூச்செடிக்குப் போடலாம்.

அளவு பார்க்கும்போது நடக்கும் தவறு ஒன்று. திரவ டெஸ்ட் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் உலோகப் பொடி படிந்திருக்கும். அதை அரை நிமிடம் ஓங்கிக் குலுக்காமல் சொட்டு விட்டால் 80 இருக்கும் தண்ணீரும் 10 என்று காட்டும். நிறம் அட்டையின் கடைசிச் சிவப்பில் நின்றுவிட்டால், ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு நான்கு பங்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து, வரும் அளவை ஐந்தால் பெருக்குங்கள். சில கிட்டுகள் நைட்ரேட்டாக இல்லாமல் நைட்ரஜனாக அளவைக் காட்டும். அதை 4.4-ஆல் பெருக்கினால்தான் மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட முடியும்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லாதவர்கள் மணி பிளான்ட் கொடியின் நான்கைந்து துண்டுகளை வெட்டி, வெட்டுவாயில் வரும் சாற்றைக் கழுவிவிட்டு, கணுக்கள் மட்டும் நீரில் முங்கும்படி தொட்டி விளிம்பில் செருகலாம். இலை நீரில் முங்கினால் அழுகும். வள்ளைக்கீரையும் அப்படி வளரும், பாசியைப்போல் வேகமாகவே இழுக்கும், ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். தொட்டியில் மருந்து போட்டிருந்தால் அந்தக் கீரையைச் சமைக்கக் கூடாது. சர்க்கரையோ சாராயமோ சொட்டுச் சொட்டாக விட்டு பாக்டீரியாவை வளர்க்கும் முறையை மட்டும் புதியவர்கள் தொட வேண்டாம். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் இரவோடு இரவாக ஆக்ஸிஜன் தீர்ந்து, விடியலில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும்.

மீனுக்குச் செம்பு கலந்த மருந்து போடும் நாட்களில் திரையைக் கழற்றி வேறு வாளியில், மருந்து போடும் முன் எடுத்த தொட்டித் தண்ணீரில் போட்டுவையுங்கள். செம்பு பாசியைக் கொல்லும், செத்த பாசி அந்த நோயாளித் தொட்டியிலேயே அழுகும். அடுத்த முறை மீன்தொட்டி பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, தண்ணீர் மாற்றச் சொல்லும் வரிக்கு முன்னால், மாற்றப்போகும் தண்ணீரை முதலில் அளந்து பாருங்கள் என்ற ஒரு வரியையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை.