‘மாப்’ என்றால் கும்பல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் சிறுவர் பக்கத்தில் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த விளையாட்டில் தானாக நடமாடும் உருக்களைக் குறிக்கும் ‘மாப்’ என்பதற்குக் ‘கும்பல்’ என்று பொருள் போட்டிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். டேப்லெட்டை எடுத்துவந்து ஓர் ஆட்டைக் காட்டினாள். தன்னந்தனியாக நின்றது. ரோமத்தைக் கத்தரித்தாள், கொஞ்ச நேரத்தில் அது புல்லைத் தின்றதும் ரோமம் திரும்ப வந்துவிட்டது. “இதுவும் மாப்தான்ப்பா. ஒண்ணே ஒண்ணு இருந்தா எப்படிக் கும்பல்?” என்றாள். அவள் கேட்டது சரி.

விளையாட்டில் வழங்கும் இந்தச் சொல் பிறந்தது இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில். அங்கே மாணவராக இருந்த ராய் ட்ரப்ஷா 1978-ல் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். படம் கிடையாது, திரையில் வெறும் எழுத்துதான். மற்ற பொருள்கள் போட்ட இடத்தில் கிடக்க, சில உருக்கள் மட்டும் யாரும் ஏவாமலே நடமாடும். கூரையிலிருந்து நூலில் தொங்கும் ‘மொபைல்’ என்ற அலங்காரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் நூலை மீறியும் போகாது. அதை மனத்தில் வைத்துத்தான் பார்ட்டில் அந்த உருக்களை ‘மொபைல்’ என்றார். அது தேய்ந்து ‘மாப்’ ஆயிற்று.

கும்பலைக் குறிக்கும் ஆங்கில ‘மாப்’ 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ‘மொபிலே வல்கஸ்’, அதாவது நிலைகொள்ளாத ஜனத்திரள் என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. வேர் ஒன்றுதான், வெட்டி எடுத்த காலமும் காரியமும் வேறு. அதனால் கட்டுரையாளர் குழம்பியதில் வியப்பில்லை. ஆனால் ‘கும்பலை அடித்தால் இறைச்சி கிடைக்கும்’ என்ற வரியைக் குழந்தைகளுக்கு அச்சிட்டிருக்கிறீர்கள். கும்பல் வன்முறைச் செய்தி வரும் அதே நாளிதழில் இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

நம்மிடம் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. செடிகொடியை நிலைத்திணை என்றும், விலங்கையும் பறவையையும் இயங்குதிணை என்றும் பிரித்துவைத்திருக்கிறோம். அந்த வழியில் ‘இயங்கி’ என்று எழுதலாம். இல்லையா, ‘மாப்’ என்றே விட்டுவிடலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.