உள்நாட்டு ஆஸ்திரேலியாவில் ஊர்களை நிலைநிறுத்தியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு நகரங்களைத் தங்கவேட்டையே உருவாக்கியது என்னும் பொருள்பட, தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1851-இல் விக்டோரியாவின் பல்லாரட்டிலும் பெண்டிகோவிலும் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு மக்கள் திரண்டதும், கூடாரங்கள் ஊர்களானதும் உண்மையே. ஆனால், ஓர் ஊர் தோன்றிய காரணமும் அது நிலைத்த காரணமும் ஒன்றல்ல என்பதைக் கட்டுரையாளர் போதிய அளவு கருதவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1893-இல் பேடி ஹானனும் கூட்டாளிகளும் தங்கம் கண்டபோது, அந்த வறண்ட நிலத்தில் குடிநீரே அரிதாக இருந்தது. உவர்நீரைக் காய்ச்சி வடித்து விற்றார்கள். டைபாய்டு காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. பெர்த் நகருக்கு அருகே மண்டாரிங்கில் அணை கட்டி, அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து, எட்டு நிலையங்களில் நீராவி எந்திரங்களால் நீரை ஏற்றி அனுப்பும் திட்டத்தை அரசின் தலைமைப் பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் வகுத்தார். கடும் பழிச்சொற்களுக்கு ஆளான அவர் 1902 மார்ச்சில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரியில் கல்கூர்லியில் அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தப் பத்து மாதங்களை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

குழாய் மட்டுமே போதும் என்று நான் வாதிடவில்லை. அதே நீரைப் பெற்ற அண்டை ஊரான கூல்கார்டி, எளிதில் எடுக்கக்கூடிய தங்கம் தீர்ந்ததும் சுருங்கிப்போனது. கல்கூர்லிக்கோ நிலத்தடியில் ஆழமான தாதுவளமும் இருந்தது.

தங்கத்தோடு தொடர்பே இல்லாத, விக்டோரியாவின் மில்டூரா ஊரையும் கட்டுரை விட்டுவிட்டது. கலிபோர்னியாவில் பாசனத்தில் தேர்ந்த, கனடாவில் பிறந்த சாஃபி சகோதரர்கள், முர்ரே ஆற்றுநீரை இறைத்து 1887-இல் அங்கே பாசனக் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். அவர்களது நிறுவனம் 1890-களில் நொடித்துப்போயினும், பாசனத்தை உள்ளூர்ப் பொது அமைப்பு ஒன்று ஏற்று நடத்தியது. 1903-இல் ரயில் பாதை எட்டிய பின்னரே, உலர்திராட்சையைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்புவது எளிதாகி, ஊர் தலையெடுத்தது.

மேலும், இந்த ஊர்களின் வரலாற்றை வெள்ளையர் வருகையிலிருந்து தொடங்குவது நியாயமன்று. கல்கூர்லி என்னும் பெயரே அம்மண்ணின் பூர்வகுடிகள் தம் மொழியில் ஒரு காட்டுக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அவர்களது நிலமும் நீர்நிலைகளும் பறிபோனதையும், தொடர்ந்து இப்பொருளில் கட்டுரை வெளியிடுவதாயின், தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்