அண்ணன் மோர் ஊற்றிய கறிவேப்பிலை

கோபிசெட்டிபாளையம்
ஐப்பசி 20

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பதில் எழுதவில்லையே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. போனில் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீ கேட்டிருந்ததற்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று திரும்ப வைத்துவிட்டேன். எழுத்தில் என்றால் நிதானமாகச் சொல்லலாம்.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து இன்னும் ஒரு வாரம் விட வேண்டும். மழை பிடித்துக்கொண்டதால் தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாக நடக்கப் போவது நின்றுவிட்டது. சுமதி தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறவள் அல்லவா, இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் பாதி விஷயம் அவளைக் குடைந்து குடைந்து கேட்டதுதான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் வண்ணத்துப்பூச்சி ஒன்று உள்ளே வந்து அண்ணன் படத்து மாலையில் உட்கார்ந்தது, சிறகை விரித்தபடி வெகுநேரம் அசையாமல் இருந்தது என்று எழுதியிருந்தாய். உன் சின்னவன் "பூவுக்கு வந்திருக்கும்மா" என்று சொன்னதும், அதற்கு நீ ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டதும் படிக்கும்போது எனக்கே தொண்டையை அடைத்தது. "அவர்தான் வந்தார் என்று நினைக்கிறது பைத்தியக்காரத்தனமா, சரோ?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எங்கள் மாடியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

ஆடி மாதம் மாடித் தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலைச் செடியில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நகர்ந்தது. புழு! நாற்பது வருஷமாக இந்தப் புழுவைக் கண்டால் குச்சியால் தட்டிக் காலால் தேய்த்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அன்றைக்கும் அதைத்தான் செய்திருப்பேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பாடத்தில் 2019-இல் தமிழ்நாட்டின் வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது வருகிறதாம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் இருக்கிறது, நம் செடிக்கு வராது என்று சொன்னேன். "வந்ததையாவது வளர்க்கலாம் பாட்டி" என்றான்.

வளர்த்தோம். செடியில் தேடிப் பார்த்ததில் பதினோரு புழுக்கள் இருந்தன. கமலா, அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் என் வேலை அதுவாகவே ஆகிவிட்டது.

தாய் கொழுந்தில் ஒற்றை ஒற்றையாகத்தான் முட்டை வைக்கிறது. வைப்பதற்கு முன்னால் இலையைக் காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்குக் காலில்தான் ருசி தெரிகிறதாம். கறிவேப்பிலைதானா என்று காலால் சுவைத்து உறுதி செய்துகொண்டு வைக்கிறது. முட்டை கடுகைவிடச் சின்னது, வெளிர் மஞ்சள். நாலாம் நாள் பொரிந்தது. பிறந்த புழு முதலில் தின்றது தன் முட்டையோட்டை. பிறகு இலை, இலை, இலைதான். நாலு தோல் உரிக்கிறது. அதுவரை எச்சம் போலவே இருந்து, கடைசித் தோல் உரித்ததும் இலைப் பச்சையாகி, முதுகில் பொய்க் கண் இரண்டு வைத்துக்கொள்கிறது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். ஒரு வாடை வரும் பாரு, பேரன் இரண்டு நாள் பக்கத்திலேயே போகவில்லை.

பதினோரு புழுவில் எத்தனை தேறியது என்று கேட்கிறாயா? மூன்றுதான். ஐந்தைக் கொண்டைக்குருவி கொத்திவிட்டது. ஒன்று ஓணான் வாயில் போனது. ஒன்று தானாகவே கருத்துத் தொங்கியது. இன்னொன்று கூடு வரைக்கும் வந்தது. பத்தாம் நாள் அந்தக் கூட்டில் ஊசித்துளை போல ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து எள்ளளவு குளவிகள் கூட்டமாக வந்தன. அன்று பேரன் சாப்பிடவே இல்லை. வண்ணத்துப்பூச்சி என்றால் மென்மை, சந்தோஷம் என்று வாழ்த்து அட்டையில் போடுகிறார்கள். ஒன்று நம் கண்ணில் படுவதற்குள் அதன் உடன்பிறந்தவை எத்தனை போயிருக்கின்றன என்று பார்த்தவளுக்கு அந்த அட்டையைப் பார்க்கவே மனசு ஒப்பவில்லை. தப்பித்து வந்த அழகு அது.

கூடு கட்டுகிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பதினெட்டாம் நாள் தின்பதை நிறுத்தி, வயிற்றில் இருந்ததையெல்லாம் தண்ணீராகக் கழித்துவிட்டது. குச்சியில் ஒரு பட்டுமெத்தை நெய்து அதில் வாலைப் பதித்துக்கொண்டது. பிறகு தன் முதுகைச் சுற்றி ஒரே ஒரு நூல். தென்னை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அதே சாய்வு. மறுநாள் தோல் கழன்று கீழே விழுந்தது, உள்ளே இருந்தது கூடு. பச்சைக் கிளையில் தொங்கியது பச்சையாகவும், காய்ந்த குச்சியில் தொங்கியவை பழுப்பாகவும் ஆயின.

உள்ளே புழு கரைந்து கஞ்சியாகி, அதிலிருந்து புதிதாக ஒன்று பிறக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுமதி இல்லை என்றாள். சிறகுக்கான மொட்டு புழுவாக இருக்கும்போதே தோலுக்கு அடியில் இருக்கிறதாம். இலையைக் கடித்துக்கொண்டிருக்கிற அந்த அருவருப்பான பிராணிக்குள் சிறகு தயாராகிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் காலால் தேய்த்ததெல்லாம் அதையும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். 2008-இல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சியில் இல்லை, புகையிலையைத் தின்கிற ஓர் அந்துப்பூச்சியின் புழுவில். ஒரு வாசனையைக் காட்டும்போதெல்லாம் லேசாக மின்சாரம் வைத்தார்கள். புழு அந்த வாசனைக்குப் பயப்படக் கற்றுக்கொண்டது. கூட்டுக்குள் போய், சிறகு முளைத்து வெளியே வந்த பிறகும் அதே வாசனையை விட்டு விலகியது. சின்னப் புழுவாக இருக்கும்போது கற்றது நிற்கவில்லை. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில் கற்றது நின்றது. அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலை ஆறே முக்காலுக்கு முதலாவது வந்தது. கசங்கிய ஈரத்துணி போல இருந்தது சிறகு. குச்சியில் ஏறித் தொங்கி, உடம்பில் இருக்கிற நீரைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளி விரித்தது. தேன் உறிஞ்சுகிற குழல் பிறக்கும்போது இரண்டு பாதியாக இருக்கிறது. அதைச் சுருட்டி நீட்டிச் சுருட்டி நீட்டி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கருப்புச் சிறகு, கீழ்ச் சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. ஆண். அடுத்து வந்ததும் ஆண்தான். மூன்றாவதில் சிவப்பும் வெள்ளையும் இருந்ததால் வேறு சாதி என்று நினைத்தேன். அதே சாதிப் பெண்ணாம். ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை இலைகளைத் தின்று உடம்பில் விஷம் ஏற்றிக்கொள்கிற இன்னொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. ரோஜா அழகி என்கிறார்கள். அதைப் பறவை தொடாது. எங்கள் மாடியில் வந்ததற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர். விஷமில்லாத அதன் பெண்ணில் சில, ரோஜா அழகியின் உடையை அப்படியே போட்டுக்கொண்டு பிழைக்கின்றன. வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1865-இலேயே இதை எழுதியிருக்கிறார். அத்தனை வேஷத்துக்கும் காரணம் ஒரே ஒரு மரபணு என்று 2014-இல்தான் கண்டுபிடித்தார்களாம்.

நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தும்பைக் காட்டில் வண்ணத்துப்பூச்சி பிடித்து, விரலில் ஒட்டுகிற பொடியை நெற்றியில் பூசிக்கொண்டு அலைவோமே! அது பொடியே இல்லை, ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய செதில். ஒவ்வொரு தடவையும் அதன் கூரையைப் பிரித்திருக்கிறோம் கமலா. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

மாடியில் முதலாவது பறந்து போன பிறகு அதன் வெற்றுக்கூடு நூலோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. வெங்காயத் தோல் மாதிரி வெளிச்சம் ஊடுருவியது. அப்போது நம் தமிழம்மா நடத்திய குறள் ஞாபகம் வந்தது.

குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே
உடம்பொடு உயிரிடை நட்பு.

குடம்பை என்றால் கூடு என்று சிலர் உரை சொன்னார்கள், பரிமேலழகர் முட்டை என்றார் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டாரே, நினைவிருக்கிறதா? கூட்டை விட்டுப் போன பறவை சாயங்காலம் திரும்பி வரும், முட்டையை விட்டுப் போனது வராது, அதனால் முட்டை என்பதே பொருத்தம் என்று அவர் வாதம். அன்றைக்குப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். இன்றைக்கு அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வள்ளுவர் 'நட்பு' என்று சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவோ சொல் இருக்க, அதைப் போட்டிருக்கிறார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ நினைத்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. கிரேக்கர்கள் உயிருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். மெக்சிகோ மலைக்காடுகளுக்கு நவம்பர் தொடக்கத்தில், அங்கே இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிற நாட்களை ஒட்டி, கனடாவிலிருந்தெல்லாம் மன்னர் வண்ணத்துப்பூச்சிகள் பறந்து வந்து மரம் மரமாக அப்பிக்கொள்கின்றன. போனவர்கள்தான் வருகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். உன்னைப் போலப் பார்த்தவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்தான் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததைச் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு மனசில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

கருப்பு, வெள்ளைப் புள்ளி வரிசை, சிவப்பே இல்லை என்று எழுதியிருந்தாய். சிறகு ஓரம் கொஞ்சமும் கிழியாமல் புதுசாக இருந்தது என்றும் எழுதியிருந்தாய். எங்கள் மாடியில் வந்த ஆண் மாதிரியே இருக்கிறது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளிலும்தான் அது வளரும். உன் கொல்லையில் கிணற்றோரம் அண்ணன் வைத்த கறிவேப்பிலை நிற்கிறதே! போன தடவை நான் வந்திருந்தபோது புளித்த மோரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு போய் அதன் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தாரே!

நாள் கணக்குப் பார்த்தேன். முட்டை நாலு நாள், புழு பதினெட்டு, கூடு பதினொன்று. மொத்தம் முப்பத்து மூன்று. பதினாறாம் நாள் அன்று காலையில் பிறந்தது என்று வைத்துக்கொண்டால், அது முட்டையானது அண்ணன் போவதற்குப் பதினேழு நாள் முன்னால். அவர் கடைசியாக நடமாடிய அந்த இரண்டு வாரமும் அது புழுவாக அந்தச் செடியில் இருந்திருக்கிறது. கடைசி நாள் காலையிலும் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்துதான் நெஞ்சைப் பிடித்தார் என்று சொன்னாய். அந்தத் தண்ணீர் இலையாகி, இலை புழுவாகி, புழு சிறகாகி இருக்கிறது. அவர் கையால் ஊற்றியது அதன் உடம்பில் இருந்தது கமலா. சின்னவன் சொன்னது போலப் பூவுக்கே வந்திருக்கட்டும். அதை உள்ளே வரக்கூடிய தூரத்தில் வளர்த்தவர் அவர்தான்.

அந்துப்பூச்சி வாசனையை நினைவு வைத்திருந்ததை வைத்து, இது அண்ணனை நினைவு வைத்திருந்தது என்று உனக்குக் கதை கட்ட மாட்டேன். நீ நினைவு வைத்திருப்பது போதும்.

அவர் அறையை ஒழித்துவிடலாம் என்று பிள்ளைகள் அவசரப்படுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. வேண்டாம். சட்டைகள் கொடியிலேயே இருக்கட்டும், கண்ணாடி மேசை மேலேயே இருக்கட்டும். எங்கள் செடியில் மற்ற இரண்டு வெற்றுக்கூடும் இன்னும் தொங்குகின்றன. மழையும் காற்றும் அடித்தும் அந்த நூல் அறவில்லை. நான் எடுக்கவும் இல்லை.

இந்த மாதம் எங்கள் ஊர் வானத்தில் கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சிகள் மேற்கே மலையைப் பார்த்துப் போகின்றன. மழை வெறித்த காலையில் வாசல் படியில் உட்கார்ந்தால் எண்ணி மாளாது. வழியில் கிலுகிலுப்பைச் செடியைக் கண்டால் மட்டும் கொத்துக் கொத்தாக இறங்குகின்றன. பேரன் ஸ்கூல் பஸ்ஸைத் தவற விட்டதே இதனால்தான்.

தை பிறந்ததும் இவரைச் சுமதி வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறதே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், 2015-இல் திறந்தது. தஞ்சாவூரிலிருந்து உனக்கு ஒரு மணி நேரம். நீ வெளியே கிளம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் முதலில் உன் வீட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

அதுவரை மோர் ஊற்றுவதை நிறுத்திவிடாதே. பூச்சி மருந்து எதுவும் அடிக்கச் சொல்லாதே. நாளைக் காலையில் கிணற்றடிக்குப் போய்க் கொழுந்து இலைகளைத் திருப்பிப் பார். குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் கை வைக்காமல், எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது.

உன்
சரோ